உக்கும் பொலியெஸ்டர்: ஊக்கியும் ஈரமும்

திருகோணமலையில் உக்கக்கூடிய பை, சாப்பாட்டுத் தாள், குவளை முதலியவற்றைத் தயாரிக்கும் சிறுதொழில் ஒன்றைத் தொடங்க எண்ணும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான். கந்தளாய்ப் பக்கத்துக் கரும்பிலிருந்து லக்டிக் அமிலம் எடுத்து, அதிலிருந்து பொலிலக்டிக் அமிலம் (சுருக்கமாகப் பி.எல்.ஏ.) எனப்படும் பிளாஸ்டிக்கை இங்கேயே செய்ய முடியுமா, அதற்கு எந்த ஊக்கி (தாக்கத்தை விரைவாக்கும் பொருள்) சிறந்தது, வெள்ளீய ஊக்கி உணவுப் பொருளுக்கு ஆகுமா, புல்மோட்டை மணலில் உள்ள தைத்தேனியத்தை ஊக்கியாக்க வழியுண்டா, அப்படிச் செய்த குவளை கொதிக்கும் தேநீரைத் தாங்குமா, கடைசியாக, அது நிலாவெளிக் கடலில் விழுந்தால் உக்கிவிடுமா.

கேள்விகள் பெரும்பாலும் ஊக்கியைச் சுற்றியே நிற்கின்றன. ஆனால் இந்தத் தொழிலில் ஊக்கி கிடைத்தற்கரிய பொருளும் அன்று, விலையால் ஆளை மடக்கும் பொருளும் அன்று. மடக்குவது நீர். பி.எல்.ஏ. ஒரு பொலியெஸ்டர், அதாவது அலகுகள் எசுத்தர்ப் பிணைப்பால் கோக்கப்பட்ட சங்கிலி. அந்தப் பிணைப்பை ஆக்கும்போது நீர் வெளியேற வேண்டும். அதே பிணைப்பை நீரே பிறகு உடைப்பதால்தான் அந்தப் பிளாஸ்டிக் உக்குகிறது. ஆக்கும் நாளில் பகையாகவும் அழியும் நாளில் துணையாகவும் இருக்கும் இந்த நீரை எங்கே, எவ்வளவு நேரம் விலக்கி வைப்பது என்பதற்கான விடைகளே நாம் அறிந்த தயாரிப்பு முறைகள் எல்லாம். ஊக்கியைத் தெரிவதும் அதற்குள் அடங்கும்.

உயர்தரத்தில் படித்த எசுத்தராக்கலை நினைவுகூருங்கள். காபொட்சிலிக் அமிலமும் அற்ககோலும் சேர்ந்தால் எசுத்தரும் நீரும் கிடைக்கும், தாக்கம் மீளக்கூடியது, நீரை அகற்றாவிட்டால் பாதியில் நின்றுவிடும். லக்டிக் அமில மூலக்கூறு ஒன்றிலேயே இரண்டு தொகுதிகளும் இருப்பதால் அது தன்னோடு தானே கோத்துக்கொண்டு சங்கிலியாகலாம். சங்கிலி எவ்வளவு நீளும் என்பதற்கு 1930களில் டூபொண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வாலஸ் கரோதர்ஸ் எளிய கணக்கொன்றைத் தந்தார்: தாக்கமுற்ற பங்கு 95 வீதமானால் சராசரிச் சங்கிலியில் 20 அலகு, 99 வீதமானால் 100 அலகு, 99.9 வீதமானால் 1000 அலகு. பை, குவளை போன்றவற்றுக்கு வேண்டிய வலிமை வருவதற்குப் பி.எல்.ஏ.யின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ ஒரு இலட்சத்தைத் தொட வேண்டும். ஓர் அலகின் திணிவு 72 என்பதால் அது ஏறத்தாழ 1,400 அலகு, அதாவது 99.93 வீதம். வேறெந்தத் தயாரிப்பிலும் 99 வீத விளைவு கிடைத்தால் மகிழ்ந்துவிடுவோம். இங்கே அது தொட்டாலே நொறுங்கும் பிசினைத்தான் தரும்.

88 அல்லது 90 வீதச் செறிவில் பாகுபோல வரும் லக்டிக் அமிலத்தை வெள்ளீயக் குளோரைட்டோடு தொலுயீன்சல்போனிக் அமிலத்தையும் ஊக்கியாகச் சேர்த்து, 180 பாகை செல்சியஸ் அளவில் ஆழ்ந்த வெற்றிடத்தில் மணிக்கணக்காகச் சூடாக்குவதுதான் நேர்வழி. நீர் முதலில் தாராளமாக வடியும். பிறகு உருகல் தடிக்கத் தடிக்க, எஞ்சிய நீர் அந்தக் கூழைத் துளைத்து மேலே வர முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெப்பத்தை இன்னும் கூட்டினால் நிறம் கறுத்து, சங்கிலியும் அறும். ஜப்பானின் மிற்சுயி நிறுவனம் டைபீனைல் ஈதர் போன்ற உயர்கொதிநிலைக் கரைப்பானைச் சேர்த்து, அதனுடன் நீரையும் ஆவியாக்கி, உலர்த்தி, கரைப்பானை மட்டும் திருப்பியனுப்பும் முறையால் இந்த இடரைத் தாண்டியது. வேதியியலாக அது அழகான முறை. ஆனால் முழுக் கரைப்பானையும் பிறகு நீக்க வேண்டும் என்பதால் சிறுதொழிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்று பெரிய ஆலைகள் பின்பற்றுவது சுற்றுவழி. முதலில் மேற்சொன்ன குட்டைச் சங்கிலிப் பிசினை வேண்டுமென்றே ஆக்கிக்கொள்கிறார்கள். அதனை வெள்ளீய ஊக்கியுடன் 200 முதல் 230 பாகை வரை வெற்றிடத்தில் சூடாக்கும்போது சங்கிலியின் நுனி தன்னையே திரும்பிக் கடித்து, இரண்டு அலகு கொண்ட வளையமாக அறுந்து ஆவியாகிறது. அந்த வளையந்தான் லக்டைட். அதனைத் தூய்மையாக்கி, மறுபடியும் ஊக்கி சேர்த்து வளையத்தைத் திறந்தால் அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். இம்முறை நீர் வெளியாவதே இல்லை. அது முன்கட்டத்திலேயே போய்விட்டது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிளேயர் நகரில் 2002இல் தொடங்கிய பேராலை இந்த முறையைக் கரைப்பானின்றி, உருகிய நிலையிலேயே நடத்துகிறது. தாய்லாந்தின் ராயோங்கில் உள்ள ஆலையும் லக்டைட் வழியையே கைக்கொள்கிறது.

நீர் வெளியாகாது என்பதற்காக அதனை மறந்துவிடலாகாது. வளையத்தைத் திறக்க ஒரு ஐதரொட்சைல் தொகுதி வேண்டும். நாம் கணக்காகச் சேர்க்கும் அற்ககோல் அந்த வேலையைச் செய்வதுபோல, கணக்கில்லாமல் நுழைந்த நீரும் செய்யும். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தனக்கென ஒரு சங்கிலியைத் தொடங்கும். ஒரு கிலோகிராம் லக்டைட்டில் 0.1 வீத ஈரம் இருக்கிறதென்று வையுங்கள். அது 1 கிராம் நீர், அதாவது 0.055 மூல். கிடைக்கும் 1,000 கிராமும் அத்தனை சங்கிலிகளுக்கும் பங்கிடப்பட்டால் சராசரித் திணிவு 18,000க்கு மேல் போகாது. ஈரத்தை 0.01 வீதமாகக் குறைத்தால்தான் 180,000 என்ற எல்லை திறக்கும். எந்த ஊக்கியை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. மாரி மாதங்களில் மேசையில் விட்ட உப்பு இளகிப்போகும் ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

ஆய்வுகூட அளவில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் பொருள் இன்னும் விளங்கும். லக்டைட் வெண்ணிறப் படிகம். உலர்ந்த தொலுயீனில் கரைத்துக் குளிரவைத்து மீளப் படிகமாக்கி, வெற்றிடத்தில் உலர்த்தி, நைதரசன் நிரப்பிய குடுவையில் இட வேண்டும். ஊக்கியான ஸ்டனஸ் ஒக்டோயேட் என்னும் வெள்ளீயச் சேர்வை வெளிறிய மஞ்சள் நிறத்தில், எண்ணெய்போலத் தடித்த திரவம். அதனைத் துளிக்கணக்கில்தான் சேர்ப்பார்கள். குடுவையை 130 பாகை எண்ணெய்த் தொட்டியில் இறக்கியதும் படிகம் தண்ணீர்போல உருகி, காந்தக் கலக்கி சுழலும். சிறிது நேரத்தில் கலக்கி தள்ளாடும். பிறகு கூழில் புதைந்து நின்றேவிடும். குடுவையின் கழுத்தில் பதங்கமாகி ஒட்டிய லக்டைட் அங்கேயே தாக்கமுறாமல் தங்கிவிடுவதால், அதைக் கீழே உருக்கி இறக்காதவர்களின் விளைவுக் கணக்கு எப்போதும் பிழைக்கும். முடிவில் திண்மத்தைக் குளோரோபோமில் கரைத்துக் குளிர்ந்த மெதனோலில் மெல்ல ஊற்ற வேண்டும். சங்கிலி நீண்டிருந்தால் வெண்ணிற நாராகத் திரண்டு வரும். குட்டையாக இருந்தால் பால்போலக் கலங்கித் தூளாகப் படியும். கருவி எதுவும் இல்லாமலே கண்ணால் காணக்கூடிய முதற்சோதனை இது.

ஊக்கி உள்ளே என்ன செய்கிறது? ஸ்டனஸ் ஒக்டோயேட் முதலில் அற்ககோலுடன் தாக்கமுற்று வெள்ளீய அற்கொட்சைட்டாக மாறுகிறது. உண்மையில் வேலை செய்வது அதுவே. லக்டைட்டின் காபனைல் ஒட்சிசன் தன் இலத்திரன்களை ஈந்து வெள்ளீயத்தோடு ஈதற்பிணைப்பால் இணைய, அந்தக் காபன் தாக்குதலுக்கு இளகிக்கொடுக்கிறது. அற்கொட்சைட் அதனைத் தாக்க, வளையம் திறந்து உலோகத்துக்கும் சங்கிலிக்கும் இடையில் புகுந்துகொள்கிறது. இது மீண்டும் மீண்டும் நடக்கும். வளையங்கள் குறைந்தபின் அதே ஊக்கி வளர்ந்த சங்கிலிகளின் எசுத்தர்ப் பிணைப்புகளையும் விட்டுவைக்காது. சங்கிலிகளை வெட்டி ஒட்டி, நீளங்களைக் கலைத்துவிடும். பிளாஸ்டிக்கை உருக்கிப் பொருளாக்கும் வேளையில் எஞ்சிய வெள்ளீயம் சங்கிலி நுனியிலிருந்து லக்டைட்டை மீளக் கழற்றவும் செய்யும். ஆதலால் ஆலைகளில் பல்பகுதியமாக்கல் (அலகுகளைச் சங்கிலியாகக் கோத்தல்) முடிந்ததும் பொசுபரசுச் சேர்வை ஒன்றால் ஊக்கியை முடக்கி, தாக்கமுறாத லக்டைட்டை வெற்றிடத்தில் இழுத்து அகற்றுகிறார்கள். தொடக்கத்தில் வேகத்தை மட்டும் பார்த்து ஊக்கியை அள்ளிக் கொட்டுபவர் முடிவில் அதனை அடக்கத் திணறுவார்.

வெள்ளீயம் பற்றிய அச்சத்துக்கு வருவோம். துறைமுக ஊரில் வெள்ளீயச் சேர்வை என்றதும் கப்பலின் அடிப்பாகத்தில் பூசிய டிரைபியூட்டைல் வெள்ளீய மை நினைவுக்கு வருவது இயல்பே. சிப்பி, நத்தை இனங்களைச் சிதைத்த அந்த மை 2008இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டது. அதில் வெள்ளீயம் காபனோடு நேரே பிணைந்திருந்தது. நச்சுத்தன்மை அங்கிருந்து வந்தது. ஸ்டனஸ் ஒக்டோயேட்டில் வெள்ளீயம் ஒட்சிசனோடு மட்டுமே பிணைந்திருக்கிறது. நீர் பட்டால் அது எளிய ஒட்சைட்டாகவும் கொழுப்பமிலமாகவும் பிரிந்துவிடும். உணவுடன் தொடுகையுறும் பொருள்களில் இதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இடமளித்திருக்கிறது. லக்டைட்டைப் போன்ற வளையமான கிளைகொலைட்டையும் லக்டைட்டையும் 90க்கு 10 என்ற விகிதத்தில் இதே ஊக்கியால் சேர்த்துச் செய்த, உடலில் தானே கரையும் தையல்நூல் 1970களிலிருந்து அறுவைச் சிகிச்சையில் பயன்படுகிறது. மில்லியனில் 100 பங்கு ஊக்கி சேர்த்தால் அதில் வெள்ளீயம் 29 பங்குதான். குவளை செய்பவர் இதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆயினும் வெள்ளீயத்தைத் தவிர்க்கும் முயற்சிகள் நிறைய நடந்துள்ளன. நாகம், மகனீசியம், கல்சியம் ஆகியவற்றின் சிக்கற்சேர்வைகளுள் சில ஸ்டனஸ் ஒக்டோயேட்டைவிட வேகமானவை. ஆனால் ஈரத்துக்கும் வளிக்கும் அவை மிகவும் நொய்மையானவை. நாகம் தீங்கற்றது என்று விளம்பரம் செய்வோர், ஐரோப்பாவின் ஈ.என். 13432 நியமம் கூட்டெருவாகும் பொதிப்பொருளில் நாகத்துக்குக் கிலோகிராமுக்கு 150 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியிருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலோகமே இல்லாத கரிம ஊக்கிகள் 2001 முதல் ஜேம்ஸ் ஹெட்ரிக் குழுவினரின் ஆய்வுகளால் முன்னுக்கு வந்தன. அவற்றுள் டி.பி.டி. எனப்படும் இருவளையக் குவானிடீன் என்னும் வலிய மூலம் (காரம்) அறை வெப்பநிலையிலேயே கணநேரத்தில் லக்டைட்டைச் சங்கிலியாக்கும். பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்து அதனை நிறுத்திவிடலாம். வெற்றிட உலை இல்லாத கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர் ஒருவர் செய்முறைத் திட்டத்துக்கு இதனைத் தெரிவுசெய்தால் நான் ஆதரிப்பேன். ஆலைக்கு இது பொருந்தாது. உருகல் வெப்பநிலையில் வலிய மூலங்கள் லக்டைட்டின் இடம்வலம் அமைப்பையே குழப்பிவிடும்.

அந்த இடம்வலம் அமைப்பு சிறிய விடயமன்று. லக்டிக் அமிலம் கண்ணாடியில் தெரியும் விம்பம்போல எல், டி என்னும் இரு வடிவங்களில் உண்டு. சீனியை நொதிக்கவைத்து லக்டிக் அமிலம் ஆக்கும் பற்றீரியா பெரும்பாலும் எல் வடிவத்தைத் தருகிறது. தூய எல் வடிவச் சங்கிலி படிகமாகி 170, 180 பாகையில் உருகும்; டி கலப்புக் கூடினால் படிகமாகும் ஆற்றலையே இழந்து, 55, 60 பாகையில் இளகும் வெறும் கண்ணாடியாக நின்றுவிடும். கொதிக்கும் தேநீரைத் தாங்குமா என்ற உங்கள் குவளைக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. எல் சங்கிலியையும் டி சங்கிலியையும் தனித்தனியே செய்து கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று தழுவிப் படிகமாகி, ஏறத்தாழ 50 பாகை கூடுதலான வெப்பத்தில்தான் உருகும் என்பதை இக்காடா குழுவினர் 1987இல் காட்டினர். இரண்டும் கலந்த மலிவான லக்டைட்டிலிருந்து ஒரு வடிவத்தை மட்டும் பொறுக்கியெடுத்துக் கோக்கும் அலுமினிய ஊக்கியை 1996இல் ஸ்பாஸ்கி அறிமுகப்படுத்தினார். ஊக்கி வேதியியலில் இதைவிட எனக்குப் பிடித்த பக்கம் இல்லை. ஆனால் அத்தகைய அலுமினிய ஊக்கிகள் பொதுவாக மிக மெதுவாக வேலை செய்வன. ஆலைக்காரர் காத்திருக்க மாட்டார்.

இனிப் புல்மோட்டை. பைக்கு உரிய பொலியெஸ்டர் உண்மையில் பி.எல்.ஏ. அன்று, அது தனியாக நின்றால் மொரமொரவென்று கிழியும். மெல்லிய பைகளில் பெரும்பங்கு வகிப்பது அடிபிக் அமிலம், தெரெப்தாலிக் அமிலம், பியூட்டேன்டையோல் மூன்றும் சேர்ந்த பி.பி.ஏ.டி. இதில் வளையவழி கிடையாது. எசுத்தராக்கி நீரை வடித்து, பிறகு 230, 250 பாகையில் ஆழ்ந்த வெற்றிடத்தில் மிகுதியான பியூட்டேன்டையோலை இழுத்தெடுக்க வேண்டும். இதற்குரிய ஊக்கி தைத்தேனியம் பியூட்டொட்சைட். தைத்தேனியக் கனிமங்களான இல்மனைட், ரூட்டைல் இரண்டும் புல்மோட்டைக் கரையில் இருப்பதால் உங்கள் யோசனை தர்க்கத்துக்கு ஒத்ததே. ஆனால் மணலிலிருந்து அந்த ஊக்கிக்குப் போகும் பாதை, கரியும் குளோரீன் வாயுவும் சேர்த்து 1,000 பாகை அளவில் எரித்துத் தைத்தேனியம் நாற்குளோரைட்டை எடுத்து, காய்ச்சி வடித்து, அதனைப் பியூட்டனோலுடன் தாக்கமுறச் செய்வதாகும். ஒரு தொன் பிளாஸ்டிக்குக் கிலோகிராமுக்கு 100 மில்லிகிராம் தைத்தேனியம் என்ற அளவில் வைத்தாலும் வேண்டியது 700 கிராம் பியூட்டொட்சைட்தான். அந்த 700 கிராமுக்காகக் குளோரீன் ஆலை கட்ட முடியாது. புட்டியில் வாங்குவதே மேல். திறந்த புட்டி ஈரக்காற்றில் வெண்படிவாகிக் கெட்டுவிடும் என்பதால் சிறு புட்டியாக வாங்குங்கள்.

கரும்பைப் பற்றி எண்ணிக்கையிலேயே பேசலாம். 100 கிலோகிராம் குளுக்கோசு நொதித்தால் ஏட்டளவில் 100 கிலோகிராம் லக்டிக் அமிலம் வரும். அதிலிருந்து நீர் போக 80 கிலோகிராம் பி.எல்.ஏ. இது மிகச் சிறந்த கணக்கு. அற்ககோல் நொதித்தலில் மூன்றிலொரு பங்கு காபன் வாயுவாகப் போய்விடுகிறது, இங்கே போவதில்லை. தடை வேறிடத்தில். அமிலம் கூடினால் பற்றீரியா சோர்ந்துவிடும் என்பதால் சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்கி, பிறகு சல்பூரிக் அமிலத்தால் விடுவிக்கும் பழைய முறையில் ஒரு தொன் லக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு தொன் ஜிப்சம் குவியும். அதன்பின் வடிப்பு, லக்டைட், தூய்மையாக்கம். பல்லாண்டாக மூடிக்கிடக்கும் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை நாளையே திறந்தாலும், சீனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில் இத்தனை ஆலைகள் நிற்கின்றன.

ஈரத்துக்கு நடுவிலேயே பொலியெஸ்டர் செய்பவர் ஒருவர் உண்டு, பற்றீரியா. பி.எச்.ஏ. எனப்படும் இந்த வகையை 1926இல் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமோய்ன் கண்டறிந்தார். நமக்குத் தேவைப்படும் வெற்றிடம் அதற்குத் தேவையில்லை. அலகுகள் துணைநொதியம் ஏ உடன் தயோஎசுத்தராகப் பிணைக்கப்பட்டு, ஆற்றல் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வருவதால், கலத்தினுள்ளே நொதியம் அவற்றை இலகுவாகக் கோத்துவிடுகிறது. உணவு மிஞ்சி நைதரசன் குறைந்தால் சில இனங்களில் உலர்நிறையின் 80 வீதம் வரை இந்தப் பிளாஸ்டிக் மணிகளாகவே சேரும். கலத்தை உடைத்து அதனைப் பிரித்தெடுக்கும் செலவே விலையை உயர்த்துகிறது. நொதியத்தைக் குடுவையில் இட்டுச் செய்யும் லிப்பேசு முறையும் 1993 முதல் உண்டு. கப்ரோலக்டோன் என்னும் வேறொரு வளையத்துக்கு அது நன்று, லக்டைட்டுக்கு அவ்வளவாக ஒத்துவராது.

கடலில் உக்குமா என்பதற்கு நேரான விடை: பி.எல்.ஏ. உக்காது, உங்கள் வாழ்க்கைத் திட்டத்தோடு ஒப்பிடக்கூடிய கால அளவில் நிலாவெளி மணலிலேயே கிடக்கும். அதன் சங்கிலிகள் அசையத் தொடங்குவது 55, 60 பாகையில். ஈ.என். 13432 நியமம் ஆறு மாதத்துக்குள் 90 வீதம் காபனீரொட்சைட்டாக வேண்டும் என்று கேட்பதும் 58 பாகை வெப்பமுள்ள தொழில்முறைக் கூட்டெருவைக் கருதியே. நமது கரையோரக் கடல் 28, 30 பாகை. அந்த வெப்பத்தில் நீர் உள்ளே ஊறினாலும் எசுத்தரை உடைக்க நெடுங்காலம் எடுக்கும். உடைந்து குட்டையானால்தான் நுண்ணுயிர் தின்னும். பி.எச்.ஏ. மட்டும் கடல்நீரிலும் ஓரளவு நம்பத்தகுந்த வேகத்தில் அழிகிறது, ஏனெனில் அதனை உண்ணும் நொதியங்கள் கடற்பற்றீரியாக்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஊக்கியை மாற்றி இந்த நிலையை மாற்ற முடியாது. இரும்பு, கோபால்ற்று உப்புகளைச் சாதாரணப் பொலித்தீனில் கலந்து ‘உக்கும் பை’ என்று விற்பதை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது துண்டுதுண்டாகச் சிதறும் பொலித்தீன், பொலியெஸ்டர் அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் அதனைச் சந்தையிலிருந்து விலக்கியுள்ளது.

2017 செப்டெம்பரில் பொலித்தீன் சாப்பாட்டுத் தாளுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் நாட்டில் தடை வந்தபின் மாற்றுப் பொருளுக்குச் சந்தை உண்டு என்பது உண்மையே. எனவே என் ஆலோசனை: பல்பகுதியத்தை ஆக்க முயலாதீர்கள்; பி.பி.ஏ.டி., பி.எல்.ஏ., மாப்பொருள் கலந்த மணிகளை இறக்குமதி செய்து, ஊதிப் படலமாக்கும் வேலையைத் தொடங்குங்கள். அங்கும் நீர்க் கணக்கே முன்வந்து நிற்கும். திணிவு ஒரு இலட்சமான பி.எல்.ஏ. ஒரு கிலோகிராமில் 0.01 மூல் சங்கிலிகள் உள்ளன. திறந்துவைத்த சாக்கில் 0.1 வீத ஈரம் ஏறினால் 0.055 மூல் நீர். உருக்கும்போது அதில் ஐந்திலொரு பங்கு தாக்கினாலே சங்கிலிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும், திணிவு பாதியாகும், படலம் ஊதும்போதே கிழியும். ஆகவே இயந்திரத்துக்குள் போகும் பி.எல்.ஏ. மணியில் ஈரம் 0.025 வீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐப்பசி முதல் தை வரையிலான மாரிக்காலத்தில் வெறும் சூடான காற்று வீசும் அடுப்பு இதற்குப் போதாது, அது வெளியிலுள்ள ஈரக்காற்றையே சூடாக்கி உள்ளே தள்ளும். பனிபடுநிலை (காற்றிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மறை 40 பாகையாகும் அளவுக்கு உலர்த்திய காற்றைச் சுற்றவிடும், ஈரமுறிஞ்சி பொருத்திய உலர்த்தியே வேண்டும். படிகமாக்கப்பட்ட மணியா என்பதையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், படிகமற்ற மணி 80 பாகை உலர்த்தியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். முதலில் வாங்கும் இயந்திரம் அந்த உலர்த்தியாகவும், இரண்டாவது ஈரத்தை அளக்கும் கருவியாகவும் இருக்கட்டும். படலம் ஊதும் இயந்திரத்தை அவற்றுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.